ஜஸ்லாவின் வாப்பாவுக்கு ஓர் அழைப்பு

நஸ்மியா தான் படித்த பாடசாலைக்கே கணக்கு டீச்சராகத் திரும்பி வந்தபோது மிளகு காயும் காலமாக இருந்தது. யட்டவத்தவில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், முற்றங்களிலும் பாதையோரத்தில் விரித்த தார்ப்பாய்ப் படங்குகளிலும் மிளகு கறுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காரமான வாசனை மூக்கில் ஏறியதும் அவள் டீச்சர் என்பதை மறந்துபோனாள். தலையில் வெள்ளைப் பர்தாவும் கையில் ஈயச் சாப்பாட்டுப் பெட்டியுமாக ஓடிய நாட்கள்தான் கூட வந்தன.

அந்தக் காலத்தில் பாடசாலை ஒரே நீள மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே இடுப்பளவு அரைச்சுவர்தான். ஒரு பக்கத்தில் வாய்ப்பாடு சொன்னால் மறுபக்கத்தில் சரித்திரப் பாடம் நின்றுபோகும். மழை பெய்தால் தகரக் கூரையின் சத்தத்தில் எல்லாப் பாடமும் நின்றுபோகும்; அப்போது மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருக்கும் பக்கத்து வீட்டு வாசனையை எல்லோரும் சேர்ந்து முகர்ந்துகொண்டிருப்பார்கள். இப்போது அந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. சுவர்கள் கூரைவரை போகின்றன. சத்தம் இல்லை. அது நல்லதுதான் என்று நஸ்மியாவுக்குத் தெரியும். ஆனாலும் முதல் வாரம் முழுவதும் அவள் காது எதையோ தேடிக்கொண்டிருந்தது.

அந்தப் பாடசாலையில் பதினோராம் வகுப்பு முடிவில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளில் பாதிப்பேருக்குமேல் கணக்கில் தவறிவிடுவார்கள். அதற்காகக் கொழும்பிலிருந்து ஒரு குழு வந்தது. கண்ணாடி போட்ட இளம் தம்பி ஒருவர் திரையில் படம் காட்டிப் பேசினார். பிள்ளைகளின் மனப்பாங்கு மாற வேண்டும், பெற்றோரின் மனப்பாங்கு மாற வேண்டும், அவை மாறினால் பெறுபேறு தானாக உயரும் என்றார்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் பஸ்லி சேர் கையைத் தூக்கினார். "தம்பி, மனப்பாங்கு மாறினா ஏழாம் வாய்ப்பாடு தானா வருமா, இல்ல அதையும் நாங்கதான் படிப்பிக்கணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தார். பிறகு அவர் ஒரேயொரு வேலை மட்டும் கேட்டார். ஒவ்வொரு ஆசிரியரும் வாரத்துக்கு ஒரு பெற்றோரைப் பாடசாலைக்கு அழைத்து, அவர் பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். குறை எதுவும் சொல்லக் கூடாது.

"வந்தா தானே நல்ல வார்த்த செல்றதுக்கு," என்றார் அதிபர் பாறூக் சேர். "எங்கட வாப்பாமாருக்கு அக்கறை இல்ல தம்பி. ஒண்டாம் வகுப்புல கொண்டு வந்து விடுவாங்க. பொறகு இந்தப் பக்கமே தலை காட்ட மாட்டாங்க."

கொண்டு வந்து விடுவதில் ஒரு முறை உண்டு. பிள்ளையின் கையைப் பிடித்து டீச்சரின் கையில் வைத்து, "இறைச்சி ஒங்களுக்கு, எலும்பு எங்களுக்கு" என்பார்கள். அடித்தோ அணைத்தோ ஆளாக்குங்கள், எலும்பை மட்டும் மிச்சம் வையுங்கள் என்று அர்த்தம். சொல்லிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு பாடசாலைக்கு வந்து என்ன ஏது என்று விசாரிப்பது, கொடுத்த பொருளை நிறுத்துப் பார்க்க வருவதுபோல என்று அந்த மனிதர்கள் நினைத்தார்கள். அவர்கள் மரியாதைக்காக வராமல் இருந்தார்கள். அதை அக்கறை இல்லாமை என்று ஆசிரியர்கள் பல வருடமாகப் பேசி வந்தார்கள்.

நஸ்மியாவின் வாப்பாவும் அப்படித்தான் அவளைப் பாடசாலையில் விட்டுப் போனார். அதையெல்லாம் அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை. நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்றது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. யாரைப் பற்றி முதலில் சொல்வது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் வகுப்பில் ஜஸ்லா என்று ஒரு பிள்ளை. கணக்குப் பாடம் வந்தால் முன்னால் இருப்பவளின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளை. சித்தியடையும் அளவுக்குப் புள்ளி எடுத்ததில்லை. அவளுடைய வாப்பா ஹாஷிம் கருவாட்டு வியாபாரி. நாலந்தா, கலேவெல, யட்டவத்த என்று வாரச்சந்தை கூடும் ஊர்களுக்கெல்லாம், பொலைக்குப் பொலை, போகிறவர்.

ஒருநாள் நஸ்மியா கரும்பலகையில் ஒரு காணியை வரைந்தாள். நீள்சதுரக் காணி, ஆனால் ஒரு மூலையைப் பாதை சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. பரப்பளவு என்ன என்று கேட்டாள். பிள்ளைகள் காணியைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். இங்கே ஒரு நீள்சதுரம், அங்கே ஒன்று, நடுவில் ஒரு முக்கோணம். கூட்டும்போது ஆளுக்கொரு விடை வந்தது. யாரும் எதிர்பாராத நேரத்தில் ஜஸ்லா எழுந்து வந்தாள். வெண்கட்டியால், வெட்டுப்பட்ட மூலையைப் புள்ளி புள்ளியாக வரைந்து காணியை முழுசாக்கினாள். முழுக் காணியின் பரப்பைக் கண்டாள். பிறகு, தான் சேர்த்த அந்தச் சின்ன முக்கோணத்தைக் கழித்தாள். இரண்டே வரி. விடை சரி.

நஸ்மியாவுக்கு அப்படியொரு சந்தோஷம். இந்தச் சந்தோஷத்தை இங்கே சிதறவிடாமல் அப்படியே அந்தப் பிள்ளையின் வாப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதனால் அப்போது, "சரி, போய் உட்காருங்க" என்று மட்டும் சொன்னாள். மணி அடித்த பிறகு கூப்பிட்டாள்.

"ஜஸ்லா, நாளைக்கு வாப்பாவக் கொஞ்சம் ஸ்கூலுக்கு வரச் செல்லுங்க."

பிள்ளையின் முகம் வெளுத்தது. "ஏன் டீச்சர்?"

"அவர் வரட்டுமே. அவர்க்கிட்டயே செல்றேன்."

நஸ்மியா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் ஹாஷிம் வரவில்லை. ஜஸ்லாவும் வரவில்லை. அடுத்த நாளும் அவளுடைய கதிரை காலியாக இருந்தது. வாப்பாவின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. வாரம் முடிவதற்குள் செய்தி வந்தது. ஜஸ்லாவைக் கலேவெலவில் இருக்கும் பெரியும்மா வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார்களாம். தையல் பழகப் போகிறாளாம். படித்தது போதுமாம்.

செய்தியைக் கொண்டு வந்தவர் இஸ்லாம் பாடம் எடுக்கும் மஸீனா டீச்சர். ஊரிலேயே பிறந்து, ஊரிலேயே கலியாணம் முடித்து, ஊரிலேயே படிப்பிக்கிறவர். நஸ்மியாவுக்கு அக்கா முறை; தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ என்ன செல்லிக் கூப்பிட்ட?" என்று கேட்டார்.

நஸ்மியா சொன்னாள்.

"ஏன் கூப்பிடுறண்டு செல்லல்லயா?"

"நேர்ல செல்லலாம்ண்டு நெனச்சேன். சந்தோஷமா ஈக்குமேண்டு."

மஸீனா டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து இந்த ஸ்கூலுக்கு ஒரு வாப்பாவக் கூப்பிட்டது எதுக்கு? ஆம்புளப் புள்ளண்டா கண்ணாடி ஒடைச்சிருப்பான். பொம்புளப் புள்ளண்டா..." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொம்புளப் புள்ளண்டா ஒரே ஒரு விஷயம்தான் நஸ்மியா. எவனோ ஒருத்தனோட கடிதம், இல்லாட்டி ஃபோன். அத செல்லத்தான் கூப்பிடுவாங்க. நீ வளர்ந்த ஊர்தானே இது? மறந்துட்டியா?"

நஸ்மியா மறந்துதான் போயிருந்தாள். கண்டிப் பக்கத்துப் பெரிய பாடசாலையில் படிப்பித்து, பெற்றோர் கூட்டமும் பேச்சும் பழகிப்போன கண்ணுக்கு, அலுவலகக் கதவு இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படித் தெரியும் என்பது மறந்துபோயிருந்தது. பரீட்சைக்கு இன்னும் சில மாதங்கள்தான். நன்றாகச் செய்ததற்காக ஒரு பிள்ளை பாடசாலையை இழந்து தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அதைச் செய்தது அவளுடைய நாக்கு.

அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் ஹாஷிமின் வீட்டுக்குப் போனார்கள். ஸலாம் சொல்லி உள்ளே போனதும் ஜஸ்லாவின் உம்மா பால் கலக்காத பிளேன்டியும் சக்கரையும் கொண்டு வந்து வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் நின்றுகொண்டார். ஹாஷிம் நல்ல மனிதர். சத்தம் போடத் தெரியாதவர். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஹாஷிம் நானா," என்று அண்ணன் முறை வைத்து நஸ்மியா தொடங்கினாள். "ஜஸ்லா ஒரு பிழையும் செய்யல்ல. கணக்கு நல்லாச் செஞ்சா. அத செல்லத்தான் வரச் சொன்னேன்."

அவர் மெல்லத் தலையாட்டினார். "ஒங்களுக்கு நல்ல மனசு டீச்சர்."

"நான் உண்மையத்தான் செல்றேன்."

"வெளங்குது. ஒரு பொம்புளப் புள்ளட மானத்த மறைக்கணும்ண்டு நெனக்கிறீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு நற்கூலி தருவான்."

"மறைக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல நானா."

"கணக்கு நல்லாச் செஞ்சத்துக்கு ஒரு வாப்பாவ ஸ்கூலுக்குக் கூப்பிடுவாங்களா டீச்சர்?" அவர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது. "நானும் இந்த ஸ்கூல்லதான் படிச்சேன். என்ட நானாமாரும் படிச்சாங்க. அப்படி ஒருத்தரயும் கூப்பிட்டது இல்ல."

திரைக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நஸ்மியா எவ்வளவுக்கு விளக்கினாளோ, அவ்வளவுக்கு அவர் முகம் இறுகியது. இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு சொல்கிறார்கள் என்றால் விஷயம் பெரிதாகத்தான் இருக்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டது அவளுக்குத் தெரிந்தது. மஸீனா டீச்சர் அவள் கையைப் பிடித்து எழுப்பினார்.

திரும்பி வரும் வழியில் வெயில் தாழ்ந்து, காய்ந்த மிளகைச் சாக்குகளில் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் செல்றதும் சரிதான்," என்றாள் நஸ்மியா. "எங்க வாப்பாவையும் ஒரு நாளும் கூப்பிட்டது இல்ல. ஆனா அவருக்கு எல்லாம் தெரிஞ்சிருந்திச்சு தாத்தா. அது எப்படி?"

"ஸக்கரியா சேர் செல்லியிருப்பார்."

"எங்க வெச்சு?"

"வேற எங்க? பொலையில."

நஸ்மியா நின்றுவிட்டாள். ஸக்கரியா சேர் அவளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். மௌத்தாகி மறைந்து பல வருடமாகிறது. பொல நாளில் அவர் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை கடையாக நின்று போவார். வாங்குவது கால் றாத்தல் வெங்காயமாக இருக்கும். அதற்குள் ஒரு கதை சொல்லிவிடுவார். அவளுடைய வாப்பா பொலையில் பீங்கான் கோப்பை விற்றவர். ஒருநாள் வாப்பா பொல முடிந்து வழக்கம்போல வீட்டுக்கு வந்து, வழக்கம்போல ரேடியோவில் செய்தியைப் போட்டார். நஸ்மியா மூலையில் பாயை விரித்துப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வாப்பா அவளைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். காதை அதன்மேல் வைத்துக்கொண்டு செய்தி கேட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ரேடியோ அப்படித்தான் பேசியது. ஏன் என்று அவளுக்கு அப்போது தெரியாது. வாப்பாவும் சொன்னதில்லை.

பாதையோரத்தில் நின்றபடி அவளுக்கு அது இப்போது விளங்கியது. குறை அலுவலகத்துக்கு வரும். நல்லது பாதையால் போகும். இந்த ஊரின் முறை அதுவாக இருந்தது. ஸக்கரியா சேருக்குப் பிறகு பாதையால் போவதற்கு ஆள் இல்லை. வந்த ஆசிரியர்கள் பஸ்ஸில் வந்து பஸ்ஸில் போனார்கள். அலுவலகம் மட்டும் மிஞ்சியது.

"ஞாயித்துக்கிழம பொலைக்கு வாரீங்களா?" என்று கேட்டாள்.

"ரெண்டு டீச்சர்மார் கடை கடையா நிண்டு கதைச்சா சனம் என்ன செல்லும்?"

"கூடையக் கொண்டு வாங்க. சாமான் வாங்குறோம்ண்டு செல்லும்."

ஞாயிற்றுக்கிழமை பொல நிரம்பியிருந்தது. ஹாஷிமின் கருவாட்டுக் கடை மரக்கறி வரிசையின் முடிவில், நீலப் படங்கின் கீழே இருந்தது. அவர் இவர்களைக் கண்டுவிட்டுத் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார். நஸ்மியா அங்கே போகவில்லை. வரிசையின் தொடக்கத்தில் பிளாஸ்டிக் வாளி விற்கும் இன்ஷாபின் வாப்பாவிடம் நின்றாள். இன்ஷாப் பத்தாம் வகுப்பு. எந்தப் பாடத்திலும் தேறாதவன்.

அந்த மனிதர் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாங்க டீச்சர். என்னத்த ஒடைச்சான் செல்லுங்க. நான் கட்டித் தாறேன்."

"ஒண்ணும் ஒடைக்கல்ல. போன கிழம அவன்ட சோதனைத் தாள்ல நான் தப்பாக் கூட்டி, கூடப் புள்ளி போட்டுட்டேன். அவனே எழும்பி வந்து, டீச்சர் இது பிழை, எனக்கு இவ்வளவு வராதுண்டு செல்லித் திருத்திக்கிட்டான்."

"எங்கட இன்ஷாபா?"

"ஒங்கட இன்ஷாப்தான்."

"புள்ளியக் கொறைக்கச் சொன்னானா?" அவர் பக்கத்துக் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டீங்களா? வந்த புள்ளியையும் குடுத்துட்டு வந்தீக்கான்." திட்டுவதுபோலச் சொன்னாலும், அவர் வாய் சிரிப்பில் மூட மறுத்தது. நஸ்மியா வேண்டாம் வேண்டாம் என்றபோதும் ஒரு கோப்பையைக் கூடைக்குள் திணித்தார்.

அடுத்து நடராஜா. தோட்டத்து லய வீட்டுக்குப் பின்னால் போட்ட கத்தரியும் கீரையும் கொண்டு வந்து சாக்கில் பரப்பியிருப்பார். அவர் மகள் பிரவீனா ஒன்பதாம் வகுப்பு.

"உங்க மகளுக்காக ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்க பஸ் ஹோல்ட்ல காத்துக்கிட்டு நிக்கிதுங்க, தெரியுமா?" என்றார் மஸீனா டீச்சர்.

நடராஜா பயந்துபோனார். "ஐயோ, என்னா செஞ்சிருச்சு டீச்சர்?"

"பஸ் வர்ற வரைக்கும் அதுகளுக்கு வாசிச்சுக் காட்டுறா. சிங்கம் மாதிரியும் நரி மாதிரியும் சத்தம் போட்டு."

"வீட்ல வாயே தொறக்காதுங்களே டீச்சர்," என்றார் அவர். கொஞ்ச நேரம் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். "நரி மாதிரியுமா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். இப்படியே வரிசையில் நடந்தார்கள். பாடசாலையில் பிள்ளை படிக்கும் கடைக்காரர்களிடம் நின்றார்கள். சொல்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஒருத்தி தினமும் முதலாவதாக வந்து ஜன்னல்களைத் திறந்துவைக்கிறாள். ஒருவன் விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். எல்லாம் நடந்தவை, யாரும் யாருக்கும் சொல்லாதவை. முதல் கடையில் சொன்னது மூன்றாம் கடைக்கு அவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. "எங்கடவனப் பத்தியும் ஏதாவது ஈக்கா டீச்சர்?" என்று ஒரு தாய் எட்டிக் கூப்பிட்டுக் கேட்டாள்.

கடைசியில் நீலப் படங்கை அடைந்தார்கள். நஸ்மியா சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் ஹாஷிம் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்ற நிற்பைக் கண்டதும் வாய் எழவில்லை. போன முறையும் நான்தானே பேசினேன், பேசிப் பேசித்தானே கெடுத்தேன் என்று தோன்றியது.

"நெத்தலி கொஞ்சம் தாங்க நானா," என்றாள்.

அவர் நிறுத்துச் சுற்றிக் கொடுத்தார். அவள் வாங்கிக் கூடையில் வைத்தாள். திரும்பி நடந்தாள். மஸீனா டீச்சர் அவள் முழங்கையைக் கிள்ளினார். அவள் மனதுக்குள் துஆ கேட்டபடி நடந்தாள்.

"டீச்சர்."

திரும்பினாள். ஹாஷிம் கருவாட்டுப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்திருந்தார்.

"அங்க இருந்து எல்லாருக்கும் ஒவ்வொண்ணு செல்லிக்கிட்டு வந்தீங்க. கேட்டுக்கிட்டுத்தான் நிண்டேன்." அவர் குரல் அடங்கிப்போயிருந்தது. "எங்கட புள்ளயப் பத்தி செல்றத்துக்கு ஒண்ணுமே இல்லியா?"

பக்கத்துக் கடைகளில் பேச்சு நின்றது. ஜஸ்லாவை ஏன் கலேவெலவுக்கு அனுப்பினார்கள் என்று அந்தக் கடைகள் தங்களுக்குள் ஒரு கதை வைத்திருந்தன. நஸ்மியா திரும்பி வந்து, நெத்தலி சுற்றும் தாளில் ஒன்றை எடுத்து, அவர் காதில் செருகியிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கினாள். மூலை வெட்டுப்பட்ட காணியை வரைந்தாள்.

"இதுட அளவக் கேட்டேன். வகுப்புல எல்லாரும் துண்டு துண்டா வெட்டினாங்க. ஒங்கட மகள் வெட்டல்ல. இல்லாத மூலைய வரைஞ்சு காணிய முழுசாக்கினா. பொறகு வரைஞ்சத்த மட்டும் கழிச்சா. ரெண்டு வரியில முடிஞ்சிச்சு. நான் படிப்பிக்காத வழி அது நானா."

அவர் தாளைக் கையில் வாங்கி, தூரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கிட்டே கொண்டு வந்து பார்த்தார்.

"இத அவளா செஞ்சா?"

"அவளாத்தான்."

"அண்டைக்குக் கூப்பிட்டது இதுக்கா?"

"இதுக்குத்தான் நானா. வேற ஒண்ணுக்கும் இல்ல."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. "யா அல்லாஹ்," என்றார். பிறகு வேறு யாருக்கோ சொல்வதுபோல, "பஸ்ல வழி முழுக்க அந்தப் புள்ளட மொகத்த நான் பாக்கவே இல்ல," என்றார்.

வாளிக்கடைக்காரர்தான் முதலில் பேசினார். "ஹாஷிம் நானா, கடையப் பாத்துக்க நான் ஈக்கேன். நீங்க கலேவெல பஸ்ஸப் புடிங்க."

நல்ல வார்த்தையால் புள்ளி கூடியதா என்று பிறகு பலபேர் கேட்டார்கள். கொழும்புத் தம்பியும் கேட்டார். பெறுபேறு வந்தபோது அந்த வருடம் கணக்கில் சித்தியடைந்தவர்கள் முந்திய வருடத்தைவிடச் சிலபேர் கூட. அவ்வளவுதான். ஜஸ்லா நல்ல தேர்ச்சி பெற்றாள். இன்ஷாப் அடுத்த வருடம் எழுதித் தவறினான். அவனுடைய வாப்பா அவனை அடிக்கவில்லை, மறுபடி எழுதச் சொன்னார். பஸ்லி சேர் மாலை வகுப்பு வைத்து ஏழாம் வாய்ப்பாட்டை ஏழாம் வாய்ப்பாடாகவே படிப்பித்தார். அதுவும் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது. மனம் மாறினால் புள்ளி வருமா என்பதற்கு நஸ்மியாவிடம் விடை இல்லை. மனம் நொந்த பிள்ளைக்கு எதுவும் வராது என்பதை மட்டும் அவள் கண்ணால் கண்டிருந்தாள். அதைக் கண்டது ஜஸ்லா திரும்பி வந்த திங்கட்கிழமை.

பிள்ளை வந்தாள். ஆனால் முன்னைவிடப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நின்றாள்; பேசவில்லை. பொலையில் நடந்தது எல்லோருக்கும் தெரிந்து, பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு கதை கேட்டார்கள். அவள் சிரிக்கவில்லை. இடைவேளையில் நஸ்மியா அவளைக் கூப்பிட்டு, காலியான வகுப்பில் பக்கத்துக் கதிரையில் உட்காரவைத்தாள்.

"கோவமா மகள்?"

ஜஸ்லா கொப்பியின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"செல்லுங்க. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்."

"பெரியும்மா ஒவ்வொரு நாளும் என்ட பேக்க கொட்டிப் பாத்தாங்க," என்றாள் ஜஸ்லா. "கடிதம் ஈக்காண்டு. நான் ஒண்ணும் செய்யல்லண்டு செல்லச் செல்ல, செஞ்சிட்டுத்தான் செல்றேண்டு நெனச்சாங்க. நீங்க ஏன் கூப்பிட்டீங்கண்டு வாப்பா கேட்டாங்க. எனக்கு செல்லத் தெரியல்ல. எனக்கே தெரியாதே டீச்சர். நான் என்ன செஞ்சேண்டு நானே யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன்."

"அந்தக் கணக்குக்காகத்தான் மகள்."

"அது சரியா பிழையாண்டு கூட எனக்குத் தெரியாது. நீங்க போய் உட்காரச் சொன்னீங்க. பிழையாக்கும்ண்டு நெனச்சேன்." அவள் கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். "வாப்பாக்கிட்ட செல்லுங்க, பொலையில செல்லுங்க. முதல்ல எனக்கிட்ட செல்லியிருக்கலாமே."

வெளியே பிள்ளைகள் ஓடும் சத்தம் கேட்டது. நஸ்மியா தன் வாப்பாவையும் நினைத்தாள், ஸக்கரியா சேரையும் நினைத்தாள். அவ்வளவு நல்லவர்கள். அவர்கள் இருவரும் அவளைப் பற்றி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தனக்குக் கணக்கு வரும் என்பதை அவள் நம்பத் தொடங்க எத்தனையோ வருடம் ஆயிற்று. அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்ததென்று நினைத்துக்கொண்டிருந்தாள். இது ஒன்று அப்போதும் இல்லை.

"என்ன மாப் செய்ங்க ஜஸ்லா," என்றாள். ஒரு டீச்சர் பிள்ளையிடம் அப்படி மன்னிப்புக் கேட்டு அந்தக் கட்டடம் கேட்டதில்லை. "நீங்க செஞ்சது சரி. சரி மட்டுமில்ல, அழகு. நான் அப்பவே செல்லியிருக்கணும்."

ஜஸ்லா கொப்பியில் மடித்த ஓரத்தை விரித்து நீவினாள்.

"கோவம் இன்னும் ஈக்கு டீச்சர்."

"ஈக்கட்டும். போகும்போது போகட்டும். நீங்க இல்லாத நாள்ல நடந்த பாடம் ஈக்கு. அத இப்பப் பாப்பமா?"

தலையாட்டினாள். நஸ்மியா புத்தகத்தை விரித்து, கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, வட்டத்தின் நாண்களைப் பற்றிய பாடத்தைத் தொடங்கினாள். மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு வரைந்தாள். அது நாணைச் சரிபாதியாகப் பிரிக்கும் என்று சொல்லிக்கொண்டு போனாள். வழக்கமாக இப்படிச் சொல்லும்போது ஜஸ்லா ஆம் ஆம் என்று தலையை ஆட்டிவிட்டு, ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போகிறவள். இப்போது தலை ஆடவில்லை. பென்சில் முனையைக் கோட்டின்மேல் வைத்தாள்.

"இருங்க டீச்சர்," என்றாள். "இது ஏன் சரிபாதியா வரும்? எனக்கு வெளங்கல்ல."

கணக்குப் பாடத்தில் அவள் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான். நஸ்மியா பக்கத்தைத் திருப்பி, வேறொரு வட்டத்தைப் பெரிதாக வரைந்தாள்.